தாய் எங்கே இருக்கிறது?



சென்னை கொளத்தூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தெரு நெடுக வண்ணமீன் கடைகள். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்பதால் தனி டப்பா. சரி, ஒரு தம்ளர் தண்ணீரில் மீன் எப்படிப் பிழைக்கிறது? தாய்லாந்துப் பக்கத்து நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்ந்த இனம் அது. பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் உயிர் தரிக்க, செவுளோடு இன்னொரு சுவாச உறுப்பும் அதற்கு உண்டு. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். வேறு மீன் என்றால் அந்த டப்பாவில் சீக்கிரமே செத்து மிதக்கும். இது சாகவில்லை. சாகாததாலேயே அந்த டப்பா அதற்குப் போதும் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

கடையில் ஓர் உயிர் அசைகிறது, தின்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து கொஞ்சம் கிளறிப் பார்க்க நினைக்கிறேன்.

திருவிழாக் கடைகளில் ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள். முட்டைக்கோழிக்காகக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் ஏறக்குறைய பாதி சேவலாகப் பிறக்கும். சேவல் முட்டையிடாது. கறிக்கோழி மாதிரி மளமளவென்று எடையும் போடாது. அப்படிக் கழிக்கப்படும் குஞ்சுகள்தான் பெரும்பாலும் சாயத்தில் முங்கித் தெருவுக்கு வருகின்றன. முட்டையை விட்டு வெளியே வருமுன் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும். தாய் அடைகாத்து முடித்து எழும்வரை பொறுத்திருக்க இயற்கை கொடுத்த வசதி அது. நாமோ அந்த நாட்களில் அதை அட்டைப்பெட்டியில் ஏற்றி, விற்று, பணமும் எண்ணி முடித்துவிடுகிறோம். முதல் வாரம் அதற்குச் சுமார் 35 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் அது எங்கே கிடைக்கும்? விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கும். அழுகிற பிள்ளையிடம், "நீதான் ரொம்ப நேரம் கையிலேயே வச்சிருந்தே" என்போம். பாவம் அந்தப் பிள்ளை. அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

நாய்க்குட்டி விஷயம் இன்னும் கொடுமை. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் தேயத் தொடங்கும். தடுப்பூசி முழுப் பலன் தர அதற்குப் பிறகும் நாளாகும். இந்த இடைவெளியில்தான் குட்டி தாயைப் பிரிந்து, வண்டியேறி, பல இடத்துக் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைபடுகிறது. பார்வோ கிருமி தொற்றினாலும் சில நாள் வெளியே தெரியாது. கடையில் வாலாட்டிய குட்டி நம் வீட்டுக்கு வந்துதான் ரத்தமாய்க் கழியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1953-இல் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கலாக்ஷேத்ராவை நிறுவிய அதே அம்மையார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 2017-இல் நாய் வளர்ப்பு, விற்பனைக்கும், 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் விதிகள் வந்தன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. கடையைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் வாங்க வருகிற நம்மில் எத்தனை பேர் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்கிறோம்?

எல்லாக் கடையையும் பூட்டு என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுப் பின்கட்டில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மீனின் அருமை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். டப்பாவைப் பெரிதாக்குவது அவர்களால் முடிகிற காரியம். நாய்க்குட்டி, பூனைக்குட்டி மட்டும் கடையில் விற்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை கடைகளோ இடைத்தரகர்களோ விற்க முடியாது. வளர்த்தவரிடம் நேரில் போக வேண்டும், அவர் குட்டியைத் தாயோடு காட்ட வேண்டும். அல்லது காப்பகத்திலிருந்து எடுத்து வரலாம். பிரான்சிலும் 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்பனைக்குத் தடை.

தாயோடு காட்ட வேண்டும் என்கிற அந்த ஒரு நிபந்தனை என் மனதில் தங்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கையளவு லாப்ரடார் குட்டி, தூங்கிக்கொண்டிருந்தது. "இதோட தாய் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். கடைப்பையன் நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தான். "தெரியலைங்க. பெட்டியிலதான் வந்துச்சு" என்றான்.