மழை பொய்த்தால் யார் மீது பழி?

(அருப்புக்கோட்டையில் நடந்த நமது அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் நம் முன் வந்தன. ஒன்று, அறக்கட்டளை நிதியில் ஒரு பகுதியைச் சீமைக் கருவேலத்தை அழிப்பதற்குக் கொடுக்க வேண்டும், அந்த மரம் ஒழிந்தால்தான் மழை வரும் என்ற கோரிக்கை. இரண்டு, திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் சில குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகக் கொடுத்திருக்கும் மனு. "புகை விட்டு மழையைக் கெடுப்பவர்களுக்கா உதவி?" என்று ஒரு சகோதரர் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே ஐயப்பட்டுத்தான் கேட்டார். அந்த ஐயத்துக்குப் பதில் சொல்லாமல் இரண்டில் எதையும் முடிவு செய்வது சரியாக இருக்காது.

நம் ஊர் டீக்கடையில் நான்கு பேர் கூடினால் மழை பொய்த்ததற்கு நான்கு காரணம் சொல்வார்கள். சீமைக் கருவேலம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்பார் ஒருவர். உலகம் சூடாகிவிட்டது என்பார் மற்றொருவர். அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை, பஞ்சம் அந்தக் காலத்திலும் இருந்தது என்பார் மூன்றாமவர். எல்லாம் இறைவன் நாட்டம், இதில் ஆராய்ச்சி எதற்கு என்பார் நான்காமவர். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மரம். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த நேரத்தில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. வழக்கறிஞர்கள் ஆணையர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஊரெல்லாம் பொக்லைன் ஓடியது. அந்த மரம் உண்மையில் எவ்வளவு கேடு செய்கிறது என்பதை வல்லுநர்கள் ஆராயவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சில மாதங்களிலேயே சென்னை முதன்மை அமர்வு தடை விதித்தது. பிறகு 2022இல், அயலிலிருந்து வந்து பரவும் தாவரங்களுக்காகத் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது. இவ்வளவு காலம் நடந்த விவகாரம் இது.

சரி, அந்த மரம் மழையைத் தடுக்கிறதா? 2015ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சென்னை வெள்ளத்தில் மிதந்த ஆண்டு. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விட மிக அதிகமாகப் பெய்தது. அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. அந்த ஓர் ஆண்டுக்குள் புதிதாகக் காடு முளைத்துவிடவில்லை. இரண்டு ஆண்டும் அதே மரங்கள்தான் நின்றன. மாறியது பசிபிக் பெருங்கடல். அதன் மேல்நீர் சூடாகும் ஆண்டுகளில் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவதும், குளிரும் ஆண்டுகளில் குறைவதும் பெரும்பாலும் காணப்படும் வழக்கம்.

மரம் எதுவானாலும் வேரால் நீரை எடுத்து இலை வழியாக ஈரத்தைக் காற்றில் விடும். சீமைக் கருவேலம் மட்டும் காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதன் வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரை எடுக்கிறது. கண்மாய்க்குள்ளும் வரத்துக் கால்வாயிலும் அடர்ந்து, தண்ணீர் வரும் வழியை அடைக்கிறது. மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் குற்றங்கள் மெய். வானத்து மழையைத் திருடியது என்ற குற்றம் மட்டும் நிற்காது.

அடுத்து, பஞ்சம் அந்தக் காலத்திலும் இருந்தது என்ற பேச்சு. இதுவும் மெய்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுகிறது. அதன் மழை மறைவில் இருக்கிறது நம் கரிசல். ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 80 செ.மீ. மழைதான். அதிலும் பெரும்பங்கு ஓரிரு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். சீமைக் கருவேலம் இந்தியாவுக்குள் நுழைந்ததே 1870களில்தான். நம் சீமையில் அது பரவியது அதற்கும் வெகுகாலம் பிறகு. ஆகவே வறட்சிக்கு அந்த மரமும் தேவையில்லை, மோட்டார் வண்டியும் தேவையில்லை. இந்த மண்ணின் குணம் அது.

அப்படியானால் உலகம் சூடாகிறது என்பது கட்டுக்கதையா? இல்லை. இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஓர் ஆண்டு மழை பொய்ப்பது வேறு, பல பத்தாண்டுகளாக வெப்பம் ஏறிக்கொண்டே போவது வேறு. நேற்று நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததையும், ஊரில் இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் பெருகுவதையும் ஒரே காரணத்தால் விளக்க மாட்டோம் அல்லவா?

காற்றில் உள்ள கரியமில வாயு போர்வை மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1859இல் டிண்டால் என்ற விஞ்ஞானி அதைச் சோதனைச் சாலையில் அளந்து காட்டினார். நிலக்கரி எரிப்பதால் பூமி சூடாகும் என்று 1896இல் சுவீடனைச் சேர்ந்த அரேனியஸ் கணக்குப் போட்டார். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு அந்த வாயு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 ஆக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பம் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது.

சூரியன்தான் காரணமாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் காற்று மண்டலத்தின் கீழ் அடுக்கும் மேல் அடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். நடப்பதோ வேறு. கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது. போர்வை தடித்தால் உள்ளே புழுங்கும், வெளியே வெப்பம் குறையும். அந்தக் கதைதான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனின் வெப்பத்தை அளந்து வருகின்றன. அது கூடிக்கொண்டே போனதாக எந்தத் தடயமும் இல்லை.

விஞ்ஞானிகளும் தவறு செய்திருக்கிறார்களே என்பீர்கள். செய்திருக்கிறார்கள். ஐ.நா. சார்ந்த பருவநிலைக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு பத்தி இருந்தது. அதற்கு ஆதாரம் கிடையாது. நம் நாட்டின் பனியாற்று வல்லுநர்களும் அதை மறுத்தார்கள். 2010 ஜனவரியில் குழு தவறை ஒப்புக்கொண்டது. அந்த ஒரு பத்தியை வைத்து மொத்தமும் பொய் என்று பேசியவர்கள் பலர். ஆனால் பனியாறுகள் உருகுவது நிற்கவில்லை. கடைக்காரர் ஒரு வரியைத் தப்பாகக் கூட்டிவிட்டார் என்பதற்காக நாம் வாங்கிய கடனே இல்லை என்று சொல்ல முடியுமா?

ஐயம் இரண்டு வகை. ஒன்று, உண்மையை அறிய எழுவது. மற்றொன்று, விலைக்குப் பரப்பப்படுவது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்து செய்த வெப்பக் கணிப்புகள், பின்னாளில் அளந்த உயர்வோடு பெரும்பாலும் ஒத்துப்போயின என்று 2023இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே அப்படி ஒரு கணக்கு இருக்க, வெளியே அந்த நிறுவனம் பேசியதோ ஐயத்தைத்தான். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், இதை நான் நம்புவதால் யாருக்கு லாபம் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது நல்லது.

இறைவன் நாட்டம் என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. மழைக்காகத் திடலில் கூடித் தொழுகிறோம், துஆ கேட்கிறோம். தெருவில் பேதி பரவினாலும் துஆ கேட்கிறோம். அதற்காகத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்காமல் இருப்பதில்லை. தொழுவது ஒரு கடமை, காரணத்தைத் தேடுவது இன்னொரு கடமை.

இனி கரிமூட்டக் குடும்பங்களின் விஷயம். அவர்கள் எரிக்கும் விறகில் உள்ள கரி, அந்த மரம் சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. அதுதான் திரும்பிப் போகிறது. மரம் மறுபடி துளிர்த்தால் மறுபடி எடுத்துக்கொள்ளும். நிலக்கரியும் பெட்ரோலும் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கரியைத் தோண்டி எடுத்துக் காற்றில் புதிதாகச் சேர்க்கின்றன. சராசரியாக ஓர் இந்தியர் ஆண்டுக்கு 2 டன் அளவு கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், ஓர் அமெரிக்கர் ஏறத்தாழ 14 டன்னுக்கு. மூட்டப் புகையால் கேடே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் கேடு அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களின் நெஞ்சுக்குத்தான். உலகம் சூடாகியதற்கு அவர்களைப் பொறுப்பாக்குவது அநியாயம். வெயில் கூடினால் முதலில் சாய்வதும் அவர்கள்தான்.

காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் காசும் தப்பான இடத்துக்குப் போகும். ஆகவே என் யோசனைகளைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

மழை வரும் என்று நம்பிக் கண்ட இடத்து மரத்தையெல்லாம் வெட்டப் பணம் தர வேண்டாம். கண்மாய் உள்வாயிலும் வரத்துக் கால்வாயிலும் இருப்பதை மட்டும், உரிய அனுமதி பெற்று, வேரோடு எடுப்போம். அந்த வேலையைக் கரிமூட்டக் குடும்பங்களுக்கே கூலிக்குக் கொடுப்போம். விறகும் அவர்களுக்கே போகட்டும். எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால் அதே மரம் மறுபடி முளைக்கும். கரையோரம் வேம்பு, புளி, நாட்டுக் கருவேலம் வைத்துக் காப்பாற்றுவோம்.

குண்டாற்றில் தண்ணீர் வருவது சில நாட்கள்தான். அந்த நாட்களில் கண்மாய் பிடித்துக்கொள்ள வேண்டும். சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை ஒரேயடியாகக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் பெய்ததே, நம் மாவட்டத்தின் ஓர் ஆண்டு மழையை விட அது அதிகம். அப்படி ஒரு மழை இங்கே பெய்தால் நம் கண்மாய்க் கரைகளும் மடைகளும் தாங்குமா? வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே மராமத்துதான்.

புழுதி விதைப்பு செய்யும் மானாவாரி விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டு மனு எழுதவும், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கவும் நம் இளைஞர்கள் துணை நிற்கட்டும். ஒரு மழைமானி வாங்கி வைப்போம். மாணவர்கள் தினமும் அளந்து ஏட்டில் எழுதட்டும். பத்து ஆண்டு எழுதினால், அடுத்த தலைமுறை டீக்கடைப் பேச்சை நம்பி இருக்க வேண்டியதில்லை.

கரிமூட்டக் குடும்பங்களின் மனுவை இன்றே ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்தி வைத்தால் மழை ஒரு துளி கூடாது. கட்டினால், இந்தக் கணக்கையெல்லாம் நாளை நம்மை விட நன்றாகப் போடக்கூடியவர்கள் அவர்களில் இருந்தே வரலாம்.