சீட்டு கொடுத்த பிறகு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமவெளிக் கிராமங்களில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நகரத்தில் 50,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவில் வகுத்த கணக்கு. கிராமத்துச் செவிலியருக்கு யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். நகரத்தில் அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பத்தை யாருக்குத் தெரியும்? வருகைப் பதிவேடு வைத்திருக்கும் நமக்குத்தான்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கவனமில்லாதவள் என்று பலமுறை திட்டியிருக்கிறேன். ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வந்தபோதுதான் காதில் சீழ் இருப்பது தெரிந்தது. அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பதிவேட்டில் கையொப்பமிட்டேன், என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்து, அவள் புத்தகப் பையில் அதே சீட்டு, மடித்தபடி இருந்தது.

அம்மாவை வரவழைத்துக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "நாலு வீட்டுல வேலை செய்றேன் டீச்சர். அங்க காலையிலதான் சீட்டு போடுவாங்க. லீவு எடுத்தா ஒரு வீடு போயிடும்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023-இல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. அப்படி ஒன்று பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பேருந்து ஏறுகிறேன். பெயர்ப்பலகையை ஒருநாளும் படித்ததில்லை. அன்று மாலையே மூவரும் போனோம். மருத்துவர் காதைப் பார்த்து மருந்து கொடுத்தார். காது மூக்கு தொண்டை நிபுணரிடமும் காட்டச் சொன்னார். அதற்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தே ஆக வேண்டியிருந்தது. வேலை செய்யும் வீடுகளுக்கு நானே போன் செய்து பேசினேன்.

சீழ் நின்றுவிட்டது. ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்துதான் இருக்கிறது. முன்னமே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. இப்போது முதல் பெஞ்சில், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்கிறாள்.

அதன்பிறகு பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன்: 'போய்வந்த தேதி'. இருக்கிற பதிவேடுகள் போதாதா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது, நானும் முணுமுணுத்தவள்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மையத்தின் இடத்தையும் நேரத்தையும் பெற்றோரிடம் சொல்கிறோம்.

இந்த ஆண்டு 11 பேருக்குச் சீட்டு கொடுத்தார்கள். 8 பேர் போய்வந்துவிட்டார்கள். ஒருவன் குடும்பத்தோடு ஊர் மாறிவிட்டான். புதிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். மற்ற இருவரின் பெற்றோரை வெள்ளிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறேன்.