மஞ்சள் அம்பு காட்டும் பாதை



ஊர் சாவதைக் கண்டதுண்டா? இளைஞர் வெளியேறுவர், கடை மூடப்படும், முதியோரும் மூடிய கதவுகளுமே எஞ்சும். ஸ்பெயினின் லெயோன் மலைப்பகுதியிலே ஃபொன்செபதோன் என்ற சிற்றூர் அந்நிலையைத்தான் எய்திற்று. 1990-களில் அங்கே குடியிருந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றோ அங்கே விடுதிகள் உண்டு, விருந்தினர் உண்டு!

எவ்வாறு வந்தது இந்த மாற்றம்? தொழிற்சாலை எழுந்ததா? இல்லை. சந்தியாகோ நகருக்கு யாத்திரிகர் நடந்த பழம்பாதை அவ்வூர் வழியே செல்கிறது. 1984-இல் எலியாஸ் வாலினா என்ற பாதிரியார் மஞ்சள் வண்ணமும் தூரிகையுமாகப் புறப்பட்டு, வழிநெடுக அம்புக்குறி தீட்டினார். 1986-இல் சான்றிதழ் பெற்றோர் மிகச் சிலரே. 2023-இலோ 4,40,000-க்கும் மேல்!

பக்தியின் பெருமை பேச நான் வரவில்லை. பணம் செல்லும் வழியைப் பாருங்கள். இருபத்தைந்து கிலோமீட்டரைக் காரிலே வருபவன் அரைமணியில் கடப்பான். இடையிலுள்ள ஊர்களுக்கு அவன் தருவது புழுதி! நடப்பவனுக்கோ அது ஒரு பகல். பசிக்கும், ரொட்டி வாங்குவான். கால் கொப்பளிக்கும், மருந்து தேடுவான். இருட்டும், படுக்கை கேட்பான்.

ஆயினும், எல்லா ஊருக்கும் ஒரே பங்கா? 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் உண்டு. ஆகவே, அதற்குச் சற்றே அப்பாலுள்ள சர்ரியாவிலிருந்து புறப்படுவோரே மிகுதி. நெரிசல் அங்கே, நெடுவழி ஊர்களுக்கு எஞ்சியதே கிடைக்கிறது. அந்த விடுதிகள் எவருடையவை? ஊராருடையவையா, முதலோடு வந்தவருடையவையா? பின்னதாயின், மண்ணின் மைந்தனுக்கு மிஞ்சுவது துடைப்பம்தானே!

குளிர்காலத்தில் விடுதிகள் பலவும் பூட்டப்படுகின்றன. அந்தப் பனி மாதங்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது? அதையல்லவா முதலில் எண்ணவேண்டும்!