யாரிடம் காட்டுவது?

(நந்தனத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கூச்சமில்லாமல்தான் பேசுவார்கள். டயாலிசிஸ், கண் ஆபரேஷன், ஸ்டென்ட் என்று பில்லை மேசையில் வைத்துவிடுவார்கள். அண்மைக் காலமாக வேறொரு வகையினரும் வருகிறார்கள். கையில் பில் இருக்காது. மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருப்பார்கள். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாய், யாரிடம் காட்டுவது?" என்று கேட்பார்கள். மகன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதில்லை, மகள் பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தூக்குவதில்லை, அத்தா இரவெல்லாம் தூங்குவதில்லை. கேட்பவர்களுக்கு வேண்டியது பணத்துக்கு முன்னால் ஒரு முகவரி. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஏர்வாடியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருபது வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வருகிற மனநோயாளிகளைத் தங்கவைத்துக் காசு வாங்கிய தனியார் விடுதிகளில் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அரசு அப்படிப்பட்ட விடுதிகளை மூடியது.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எதிரிகள் அல்லர், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். எல்லா மதத்துக் குடும்பங்களும் அங்கே போயின. வேறு எங்கே போவது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல ஆள் இருந்த இடத்திலும், 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரைக் கேட்டாலே ஊர் சிரிக்கும் என்ற பயம். 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட ஒரு மருத்துவமனையின் பெயரை நம் சினிமா நகைச்சுவை வசைச்சொல்லாக்கிவிட்டது. இன்றும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படித்தான் கேலி செய்கிறார்கள்.

ஓதிப் பார்ப்பது தவறா என்று கேட்பீர்கள். நான் மதரஸாவில் ஓதியவன், அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து குர்ஆன் ஓதி துஆ கேளுங்கள், அது நம் உரிமை. ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை மாரடைப்புக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது யார்? மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண் பார்வையே போனது. அவர்களுக்கு ஈமான் குறைவு என்று யாராவது சொல்லத் துணிவோமா? பிறகு ஏன் துக்கத்தில் படுத்துக் கிடக்கிற பெண்ணிடம் போய், "தொழுதால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு வருகிறோம்?

வேறு சிலர் இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்கிறார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞர் உடலுக்கும் மனதுக்குமான நலம் பற்றி ஒரே நூலில் இரண்டு பகுதிகளாக எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வருகிற துக்கம் வேறு, இரண்டாவதற்கு உடலையும் கவனிக்க வேண்டும் என்று அன்றே பிரித்துக் காட்டினார். 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டத் தொடங்கிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனி இடம் இருந்தது. செலவு வக்ஃபு வருமானத்திலிருந்து. நம் நிர்வாகக் குழுவில், "இதற்கெல்லாம் அறக்கட்டளைப் பணத்தைக் கொடுக்கலாமா?" என்று வாதம் வந்தபோது இதைத்தான் எடுத்துச் சொன்னேன். வாதம் இரண்டு கூட்டங்கள் நடந்தது. முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, யாரிடம் காட்டுவது?

முதலில் உங்கள் வழக்கமான டாக்டரிடம். தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை, பி12 குறைபாடு இவையெல்லாம் மனச்சோர்வு போலவே முகம் காட்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு ஆறு மாதம் அலைய வேண்டாம்.

அடுத்து, பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பரிசோதனைகள் செய்வார், பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார், எடுத்துக் காட்டுவார். கவுன்சலர் என்ற பெயரில்தான் குழப்பம். முதுகலை படித்துப் பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற நல்ல கவுன்சலர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி மாட்டியவர்களும் அதே பெயரில்தான் இருக்கிறார்கள். 'இஸ்லாமிய கவுன்சலிங்' என்று போட்டிருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். தாடியைப் பார்த்துக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

ஆள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, சிகிச்சையும் அந்த நோய்க்கு உரியதாக இருக்க வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், தேடாதீர்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். ஒளு செய்ய ஒரு மணி நேரம். கழுவியது போதுமா, நிய்யத் சரியா, ஒளு முறிந்துவிட்டதா என்று சந்தேகம். கைத்தோல் வெடித்துப் போயிருந்தது. தொட்டித் தண்ணீர் தீர்ந்து வீட்டில் சண்டை. பிறகு தொழுகையையே விட்டுவிட்டான், அந்த வேதனை தாங்காமல். வீட்டில் ஷைத்தானின் வஸ்வாஸ் என்றார்கள், கயிறு கட்டினார்கள். ஒரு கவுன்சலரிடம் போனார்கள். அவர் பாவம், நான்கு வாரம் அன்பாகப் பேசி, "கவலைப்படாதே, நீ சுத்தமாகத்தான் இருக்கிறாய்" என்று ஆறுதல் சொன்னார். பையனுக்கு அதிகமாயிற்று.

ஏன் அதிகமாயிற்று என்பதைப் பிறகு பார்த்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் விளக்கினார். இது ஓ.சி.டி. என்கிற நோய். சந்தேகம் வரும், கழுவினால் அல்லது யாராவது "சரி" என்று சொன்னால் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதியே மறுபடியும் கழுவச் சொல்லும், மறுபடியும் கேட்கச் சொல்லும். அவன் ஹஜ்ரத்திடம் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போன் செய்து ஒளு கூடுமா என்று கேட்டிருக்கிறான். ஹஜ்ரத்தும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில்களும் நோய்க்குத் தீனியாகிவிட்டன.

இதற்கென்று ஒரு சிகிச்சை இருக்கிறது. சந்தேகத்தை வரவிட்டு, கழுவாமலும் கேட்காமலும் அந்தப் பதற்றம் தானாகத் தணியும்வரை இருக்கப் படிப்படியாகப் பழக்குவது. கூடவே மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். ஹஜ்ரத்தையும் அழைத்து உட்கார வைத்தார்கள். சந்தேகம் உறுதியை முறிக்காது என்பது நம் ஃபிக்ஹில் ஆரம்பப் பாடம் அல்லவா? மூன்று முறைக்கு மேல் கழுவக் கூடாது, சந்தேகம் வந்தால் கண்டுகொள்ளாமல் தொழுகைக்கு நில் என்று ஒரே முறை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு போன் வந்தால், "காகிதத்தைப் பார் தம்பி" என்பதோடு சரி. பல மாதங்கள் ஆயின. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஜமாஅத்தோடு தொழுகிறான், பரீட்சை எழுதுகிறான். வஸ்வாஸைப் பற்றி நான் சொன்ன அந்த பல்கியே தனியாக எழுதியிருக்கிறார் என்று கேட்டு ஹஜ்ரத்துக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: இது என்ன பிரச்சினை என்று நினைக்கிறீர்கள், என்ன முறையில் சிகிச்சை தருவீர்கள், ஏறக்குறைய எத்தனை முறை வர வேண்டும், பலன் தெரியாவிட்டால் என்ன செய்வோம்? இந்தக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்பவரிடம் இருங்கள். மூன்றே தடவையில் குணம் என்று உத்தரவாதம் தருபவர், இருபது தடவைக்கு முன்பணம் கட்டச் சொல்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்பவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாள் "ஒன்றும் தெரியவில்லை" என்று குப்பையில் போடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

முஸ்லிம் டாக்டர்தான் வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். என் கருத்து, அது கட்டாயமில்லை. உங்கள் நோன்பையும் ஹிஜாபையும் நோயாகப் பார்க்காதவர், தெரியாததை மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்பவர் போதும். பெண்ணுக்குப் பெண் மருத்துவர் வேண்டுமென்றால் அதைத் தயங்காமல் கேளுங்கள், இந்த நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மொழியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டில் உருது பேசும் பெண்ணை ஆங்கிலத்தில் அழச் சொல்ல முடியாது. மூன்று நான்கு தடவை போயும் மனம் ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லிவிட்டு வேறொருவரிடம் மாறலாம். அதில் துரோகம் ஒன்றுமில்லை.

வெளியே தெரிந்துவிடுமே, நாளை பெண் கேட்டு வருவார்களே என்பதுதான் எல்லாருக்கும் உள்ளே இருக்கிற பயம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலச் சிகிச்சைச் சட்டம் நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது. ஆஸ்பத்திரியைச் சட்டம் கட்டுப்படுத்தும். பள்ளிவாசல் திண்ணையில் பேசுகிற வாயை நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

தனியாரிடம் ஒரு தடவைக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கிறார்கள். கட்ட முடியாதவர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது, பக்கத்தில்தான். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாகக் காட்டிவிட்டு அன்றே வீடு திரும்பலாம், போனால் அடைத்துவிட மாட்டார்கள். மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்கு, டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அண்ணா நகரில் இருக்கிறது. நள்ளிரவில் பயமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். அது டெலி மனஸ், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தவர்களுக்கு 1986 முதல் சினேகா அமைப்பு இருக்கிறது, 044-24640050. அப்படி ஒருவர் வீட்டில் பேசினால் "ஹராம்" என்று வாயடைக்காதீர்கள். தனியாக விடாதீர்கள், மாத்திரைப் பெட்டியை எடுத்து ஒளித்து வையுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நிர்வாகக் குழுவின் முடிவைச் சொல்கிறேன் என்றேன். மருத்துவ உதவி நிதியிலிருந்து மனநலச் சிகிச்சைக்கும் கொடுப்பது என்று தீர்மானமாகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தால் போதும். என்ன நோய் என்று நாங்கள் கேட்க மாட்டோம். கணக்குப் புத்தகத்தில் 'மருத்துவம்' என்று மட்டும்தான் ஏறும். மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். பெண்கள் என்னிடம் சொல்லத் தயங்கினால், நம் மகளிர் பிரிவுச் சகோதரியிடம் சீட்டை உறையில் ஒட்டிக் கொடுத்துவிடலாம்.