ஒரே ஒரு பீஸ் ஆர்டர்: லிம்போமாவுக்கு நம் நாட்டு செல் சிகிச்சை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவன். இருந்தாலும் பேசத் துணிந்ததற்குக் காரணம், இந்த விஷயத்தில் பாதி மருத்துவம், பாதி பணக்கணக்கு.

லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் வருகிற புற்றுநோய். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டியாகத் தலைகாட்டும். பெரும்பாலும் வலிக்காது, அதனாலேயே விட்டுவிடுவோம். காசநோய்க் கட்டியும் அதே மாதிரி இருக்கும். காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது எல்லாம் இரண்டுக்கும் பொது. திசுவை எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். இரண்டு மூன்று வாரமாகியும் கரையாத கட்டி இருந்தால், பயாப்ஸி தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்க.

பெரியவர்களுக்கு அதிகம் வருகிற வகையில், கீமோவோடு ரிடுக்ஸிமாப் மருந்தும் சேர்ந்தாலே பத்துக்குச் சுமார் ஆறு பேர் குணமாகிவிடுகிறார்கள். அதற்கு அடங்காதவர்களுக்கும், போன நோய் திரும்பி வந்தவர்களுக்கும்தான் கார்-டி செல் சிகிச்சை. எடுத்த எடுப்பில் கேட்கிற வைத்தியம் இல்லை இது.

நம் ரத்தத்தில் டி செல் என்று காவல்கார வெள்ளையணுக்கள் உண்டு. கேன்சர் செல்லை அவை பல நேரம் சந்தேகப்படாமல் விட்டுவிடும், மாதிரிக் கையெழுத்தைப் பார்க்காமல் செக்கைப் பாஸ் பண்ணுகிற கிளார்க் மாதிரி. அந்த டி செல்களை மெஷின் மூலம் பிரித்தெடுத்து, லேபில் ஒரு புது மரபணுவை ஏற்றி, சிடி19 என்ற கையெழுத்து எந்த செல்லில் இருந்தாலும் பிடி என்று பழக்கி, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். நல்ல பி செல்லிலும் அதே கையெழுத்து இருப்பதால் அதுவும் அழியும். பிறகு பல மாதம் கிருமித் தொற்று பயம் உண்டு. செல்லை ஏற்றிய முதல் சில வாரங்களில் கடும் காய்ச்சல், பிரஷர் இறங்குவது, சிலருக்குப் புத்தித் தடுமாற்றம்கூட வரலாம். ஐ.சி.யு. வசதி இல்லாத இடத்தில் செய்ய முடியாது.

அமெரிக்காவில் 2017ல் அனுமதி கிடைத்தபோது மருந்துக்கு மட்டுமே இரண்டு, மூன்று கோடி ரூபாய். இங்கே பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. அப்போது விலை சுமார் 40 லட்சம். 2025ல் வெளியான ஆய்வு முடிவில், கணக்கில் எடுத்த 51 பேரில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. பலன் வேறு, நிரந்தரக் குணம் வேறு. சிலருக்கு நோய் திரும்பியிருக்கிறது. பக்கவிளைவால் உயிரிழப்பும் உண்டு. இதை மறைத்துப் பேசுபவரை நம்பாதீங்க.

ஏன் இன்னும் இவ்வளவு விலை? திருப்பூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். இது பத்தாயிரம் பீஸ் ஆர்டர் இல்லை. அவரவர் செல், அவரவருக்கு மட்டும், ஒரே ஒரு பீஸ். ஜாப் ஒர்க்குக்குப் போன துணியில் லாட் மாறினால் ஷேடுதான் மாறும். இங்கே லாட் மாறினால் உயிர் போகும். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவமனைக்குள்ளேயே செல்லைத் தயாரித்து ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். அந்த வழி பரவினால் செலவு இறங்கும் என்பது என் எண்ணம்.

இனி நம் கையிருப்பு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைதான். எங்களைப் போன்ற ரிட்டயர் ஆன கிளார்க்குகளின் குரூப் பாலிசியும் சில லட்சத்தோடு நின்றுவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் விலக்கக்கூடாத நவீன சிகிச்சைகள் என்று பன்னிரண்டைப் பட்டியலிட்டது. அதில் கார்-டி பெயர் சொல்லி இல்லை. பட்டியலில் இருப்பதற்கும் கம்பெனி தனி உச்சவரம்பு வைக்கலாம். பத்து லட்சத்துக்கு பாலிசி எடுத்தவர்கூட அந்த வரம்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்குங்க. போனில் சொன்னது செல்லாது. ஆஸ்பத்திரியில் "சொல்கிற விலை மருந்துக்கு மட்டுமா, அறை, ஐ.சி.யு., மற்ற மருந்தும் சேர்த்தா?" என்று கேளுங்க. வெளியூரில் ஒரு மாதத்துக்கு மேல் கூடவே தங்க வீட்டில் யாருக்கு முடியும் என்பதையும் முன்னாடியே பேசிவிடுங்க.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்க அறையில் இருப்பேன். பாலிசிக் காகிதத்தை எடுத்துட்டு வாங்க. அந்த உச்சவரம்பு எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று சேர்ந்தே தேடலாமுங்க.