உடன்பிறந்தார் துயரும் இளைஞர் கதைகளும்

(நமது சங்க வாசிகசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியக் கூட்டத்தில் பேசுவதற்கு இதுவா பொருள் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட அண்ணனையோ தங்கையையோ நினைத்து உருகும் ஓர் இளம்பிள்ளையின் துயரைக் கதைகள் எவ்வாறு சொல்கின்றன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். மங்கலமான பொருள் அன்று. ஆயினும் இத்துயரை அறியாத தோட்டம் நம் திம்புள்ளப் பகுதியில் எத்தனை உண்டு?

1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் இவ்வாறு இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக அது இருந்தது. கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. உயிரை மாய்க்க முயல்வது தண்டனைக்குரிய குற்றம் என்ற சட்டமோ 1998 வரை நம் நாட்டில் இருந்தது. பொலிசுக்கு அஞ்சி வாய்மூடிய வீடுகள், சட்டம் போன பிறகும் வாயைத் திறக்கவில்லை. பழக்கம் சட்டத்திலும் நீண்ட ஆயுள் உடையது போலும்.

லயத்திலே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் தூக்கம் கெடும். அத்தகைய இடத்தில் ஒரு வீட்டின் துக்கம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசுவார் மட்டும் இல்லை. சாவு வீட்டிற்கு வருகிறவர்கள் தாயைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்காருகிறார்கள். மூலையில் நிற்கும் பதினைந்து வயதுப் பெண்ணிடம், "அம்மாவைப் பார்த்துக்கோ தங்கச்சி, இனி நீதான் எல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவளுக்கும் ஓர் அண்ணன் போயிருக்கிறான் என்பதை யார் நினைத்தார்கள்? அவன் தின்ற தட்டும் அவன் போட்ட சட்டையும் அவள் கண்முன் கிடக்கின்றன. மறுவாரம் பாடசாலைக்குப் போனால் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியை நடுவில் நிறுத்தி எழுதப்பட்ட நாவல் ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சிந்தியா ஹேண்ட் 2015இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் டைம் வீ சே குட்பை' என்பது அது. அவ்வம்மையார் தம் இளைய சகோதரனை 1999இல் இவ்வாறே இழந்தவர். கதையில் வரும் லெக்ஸ் கணக்கில் வல்லவள். எதையும் எண்ணாலும் சூத்திரத்தாலும் அளக்கப் பழகியவள். தம்பியின் இறப்பு எந்தச் சூத்திரத்திலும் அடங்கவில்லை. அழவும் வரவில்லை. தோழியரை விட்டு விலகுகிறாள். வீட்டில் தம்பி இன்னும் நடமாடுவது போல் அவளுக்குத் தோன்றுகிறது. அவன் இறந்த இரவில் அவளது கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அவள் அதற்கு மறுமொழி அனுப்பவில்லை. இந்த ஒன்றை யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறாள். நாவல் முழுவதும் இச்சுமையைச் சுற்றியே நகர்கிறது. நெப்ராஸ்காவின் பனிக்கால ஊர் எங்கே, நம் திம்புள்ள எங்கே! ஆயினும் அந்தச் சுமை நமக்கு அந்நியமானதன்று. "அன்று அவன் கூப்பிட்டான், நான் போகவில்லை" என்று சொல்லுகிறவர்கள் நம் நடுவிலும் இருக்கிறார்கள்.

இதற்கும் முன்னே, சாலிஞ்சர் 1948இல் எழுதிய ஒரு சிறுகதையில் சீமோர் என்ற இளைஞன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பிற்பாடு அவனது தம்பி தங்கையரைப் பற்றியே அவர் எழுதிக்கொண்டிருந்தார். 1961இல் நூலாக வந்த 'ஃபிரானி அண்ட் ஸூயி'யில், இறந்தவனுடைய தொலைபேசி இணைப்பைக் குடும்பத்தார் துண்டிக்காமல் வைத்திருக்கிறார்கள். விவரக்கொத்தில் அவன் பெயர் இருக்கட்டும் என்று ஒரு தம்பி வற்புறுத்தியிருக்கிறான். செக்ரோலில் பெயரை வெட்டிய நாளில் மனம் உடைந்த குடும்பங்களை அறிந்த நமக்கு அந்தத் தம்பியின் பிடிவாதம் விளங்கும்.

இனி, பெரியவர்கள் எழுப்பும் ஐயம் ஒன்றுக்கு வருவோம். இத்தகைய கதைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் கெட்ட எண்ணத்தை நாமே விதைத்தது ஆகாதா? நியாயமான ஐயம்தான். ஜெர்மானியக் கவி கோத்தே 1774இல் எழுதிய வெர்தரின் கதையைப் படித்து இளைஞர்கள் அவன் வழியிற் போனார்கள் என்ற அச்சத்தால் லைப்சிக் நகரில் மறு ஆண்டே அதன் விற்பனையைத் தடுத்தார்கள். 1974இல் டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பத்திரிகைகள் இத்தகைய இறப்புகளைப் பெரிதாக வெளியிட்டதன் பின் தற்கொலைகள் கூடுவதைக் காட்டி, வெர்தரின் பெயரையே அதற்கு இட்டார். ஆனால் 2010இல் வியன்னாவில் நடந்த ஆய்வு மறுபுறத்தையும் காட்டியது. இடரிலிருந்து மீண்டவர்களின் வரலாற்றைச் சொல்லும் செய்திகளையடுத்து அவ்விறப்புகள் குறைந்திருந்தன. அதற்கு மோட்ஸார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசைநாடகத்தில் வரும் பாபகேனோவின் பெயரை இட்டார்கள். உயிரை விடத் துணிந்த அவனை மூன்று சிறுவர்கள் வந்து தடுத்து, உன் கையில் மணிகள் இருக்கின்றனவே, அவற்றை ஒலித்துப் பார் என்று நினைவூட்டுகிறார்கள். ஆகவே கதை விளக்கை எங்கே பிடிக்கிறது என்பதே கேள்வி. இறந்த விதத்தின் மேல் பிடித்தால் கேடு. எஞ்சி நிற்பவரின் மேல் பிடித்தால் அவருக்குத் துணை.

சிறுவன் வந்து தடுத்த கதை நம்மிடமும் உண்டன்றோ? அதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். திருவாமூரிலே திலகவதியாருக்குத் தந்தையும் தாயும் மறைந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். அவருக்கே உரியவள் நான் என்று அம்மையாரும் உயிர்விடத் துணிந்தார். சிறுவனாகிய தம்பி மருணீக்கியார் அவர் அடிகளில் விழுந்து, தாய் தந்தைக்குப் பின் தங்களைக் கண்டே நான் உயிரோடிருக்கிறேன், தாங்கள் போவதானால் தங்களுக்கு முன்னே நான் போவேன் என்று கதறினார். தம்பிக்காக அம்மையார் இருந்தார். பின்னொரு காலத்தில் சூலை நோய் தாங்காமல் தவித்த அத்தம்பி தேடிப் போனதும் திருவதிகையில் இருந்த அதே தமக்கையைத்தான். அவரே நமது திருநாவுக்கரசர்.

இவ்வரலாற்றை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் தம்பியை இழந்த ஒரு பெண் சபையில் இருக்கும்போது இதைச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. சொற்பொழிவாளர்கள் அதைக் கவனிப்பதில்லை. "மருணீக்கியார் அழுதார், தமக்கை நின்றார், நான் அழுதிருந்தால் அவனும் நின்றிருப்பானோ?" என்று அவள் நெஞ்சு கேட்கும். அப்படியல்ல. திலகவதியார் தம் துணிவைத் தம்பி அறியச் செய்தார். நம் பிள்ளைகளிற் பலர் அறியச் செய்வதே இல்லை. கடன், குடி, காதல், பரீட்சை, வெளியே தெரியாத மனநோய் என்று பல சேர்ந்து ஒருவரை அழுத்துகின்றன; ஒரு தங்கை சொல்லாத ஒரு சொல்லின் மேல் அத்தனையையும் ஏற்றுவது பொருந்தாது. போனவன் தன் தங்கையை நேசிக்கவில்லை என்பதும் இல்லை. ஹேண்ட் அம்மையாரின் நாவல் இதை லெக்ஸுக்கு ஒரே நாளில் போதித்துவிடவில்லை. அவளை எழுதவிட்டு, கோபப்படவிட்டு, கடைசியில் அந்தச் செய்தியைப் பற்றி வாய்திறக்கவிடுகிறது. நாம் அந்நூலை மதிப்பது அதனால்தான்.

தமிழில், நம் லயத்துப் பேச்சில், இப்படி ஒரு கதை வேண்டும். கொழுந்துக் கூடையையும் சம்பளப் போராட்டத்தையும் எழுதியவர்கள் நம்மவரில் உண்டு. அண்ணனின் புத்தகப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளையை எழுத இங்கிருக்கும் இளைஞர்கள் முன்வரவேண்டும். முறையை எழுதவேண்டாம், வீரமாக்கவேண்டாம், பழியும் சுமத்தவேண்டாம். அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய கதைக்கு இடம் ஒதுக்கிவைக்கிறோம்.

ஹேண்ட் அம்மையாரின் நாவல் வாசிகசாலை அலமாரியில் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக ஞாயிறு மாலைகளில் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழிற் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறோம். கேட்க வருகிறவர் ஏன் வந்தார் என்று யாரும் வினவமாட்டோம். இரவில் தனியே தாங்கமுடியாமல் இருப்பவருக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926 என்பதைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.