அக்காவின் எண்ணெய்ப் போத்தல்



கொழும்பிலிருந்து வரும் பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டி பிலிமத்தலாவைக்குள் நுழைந்தால் வீதியோரம் பித்தளைக் கடைகள். குத்துவிளக்கும் தாம்பாளமும் வெயிலில் பளபளக்கும். அவற்றைப் பின்கட்டில் இருந்து துலக்குகிறவர்களின் விரல்நுனிகள் மட்டும் கறுத்துப்போயிருக்கும். இந்தப் பக்கத்தில் கறுத்த விரல்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தேயிலை.

இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிரானது நமது கண்டி மாவட்டத்தில்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கினார். அன்றிலிருந்து கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் பெண்களின் கை. கிள்ளும்போது சாறு கசிகிறது. அதிலுள்ள பொலிபீனோல் காற்றுப்பட்டதும் கறுக்கிறது. தொழிற்சாலையில் இலைக்கு நடப்பது, மலையில் நிற்கும்போதே விரலுக்கு நடந்துவிடுகிறது. அதோடு மழையில் நனைந்த கொழுந்து, குச்சி கீறிய கோடுகள், மத்தியான வெயில். உள்ளங்கை ஒரு பக்கம் வெடிக்கும், ஒரு பக்கம் காய்த்துப்போகும்.

என் பக்கத்து வீட்டு அக்கா அப்படிக் கொழுந்து எடுத்தவர். இப்போது மலைக்குப் போவதில்லை. ஆனாலும் இராச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். முதலில் விரல்கள், பிறகு நகக்கண், கடைசியாகக் குதிக்கால். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார். வேலைக்குப் போன காலத்தில் இதற்கு முன்னால் பாதி எலுமிச்சங்காயும் இருந்ததாம். பீலித் தண்ணீரில் குளிக்கும்போது அதைத் தேய்த்தால் கறை கொஞ்சம் விடும்.

எலுமிச்சையைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் நின்றால் கொப்புளம் வரலாம். ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். முகம் வெளுக்கும் என்று காலையில் அதைப் பூசிக்கொண்டு வெளியே போகிற பிள்ளைகள் கவனிக்கவேண்டும். அக்கா அந்தியில் தேய்த்தது நல்லதாய்ப் போயிற்று.

எண்ணெயைப் பொறுத்தவரை அவர் செய்வது சரியான வேலை. எண்ணெய் தோலுக்குள் ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. உள்ளே இருக்கும் ஈரம் சட்டென்று வெளியேறாமல் தடுக்கிறது. அதனால்தான் கை கழுவி, துடைத்தும் துடைக்காமலும் இருக்கும்போதே பூசவேண்டும். காய்ந்து வெடித்த பிறகு பூசினால் பலன் பாதிதான். விலை கூடின கிறீம்கள் செய்வதில் பெரும்பகுதியும் இதுதான்.

எதற்கு அக்கா இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். அழகு, ஆரோக்கியம் என்று எதையாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“பட்டுச் சேலையைத் தொட்டா நூலு இழுக்குது தங்கச்சி. கையி சொரசொரன்னு இருந்தா கட்டவே முடியாது. பொறகு அத வாங்கி என்னத்துக்கு?”

எனக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்க அந்தக் கை பறித்த கொழுந்து மடுவத்தில் கிலோவாக நிறுக்கப்பட்டது. மிச்ச நேரத்தில் அதே கை சமைத்தது, துவைத்தது. நல்லநாளில் ஒரு சேலையைக் கிழிக்காமல் உடுத்த அந்தக் கை தேவைப்பட்டது. அதற்காகத்தான் தினமும் இராவில் அந்தக் கால்மணி நேரம். சருமப் பராமரிப்பு என்றால் பணக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அக்காவோடு பேசிப் பார்க்கலாம்.

மஞ்சளும் அவர் வழக்கத்தில் இருந்தது, 2020 வரைக்கும். அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியதும் கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு ஏறியது நினைவிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து படகில் கடத்தி வந்த மஞ்சளை மன்னார்க் கடலில் கடற்படை மூட்டை மூட்டையாகப் பிடித்த காலம் அது. கறிக்கே கிள்ளிப் போட்டபோது முகத்துக்கு ஏது? பிறகு 2022 ஆகஸ்டில் டொலர் இல்லாமல் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள். வாசனைத் திரவியமும் ஷாம்புவும் அந்தப் பட்டியலில் இருந்தன. அத்தியாவசியம் எது, ஆடம்பரம் எது என்று பட்டியல் போடுகிறவர் வாசற்படியில் எண்ணெயோடு உட்காரும் பெண்ணிடம் கேட்டுப் போடுவதில்லை.

அக்காவின் மகள் கண்டியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். அவளுடைய அலுமாரித் தட்டில் முகம் கழுவும் ஜெல், வெயிலுக்குப் பூசும் லோஷன், வாஸ்லின். சம்பளத்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது என்று தாய்க்குக் குறை. எனக்கு இல்லை. அவளும் தன் கால்மணி நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறாள். ஆனால் அந்தத் தட்டில் ஒருநாள் பெயர்ச்சீட்டு ஒழுங்கில்லாத சின்ன டப்பா ஒன்றைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. வெள்ளையாக்கும் கிறீமாம். கூட வேலை செய்யும் பிள்ளை கொடுத்ததாம்.

இப்படியான கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும். ஆகவே உண்மையிலேயே வெளுக்கும். விற்கிறவருக்கு அது போதும். ஆனால் பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலங்கையும் சேர்ந்திருக்கும் மினமாட்டா உடன்படிக்கை இப்படியான அழகுப்பொருட்களை ஒழிக்கச் சொல்கிறது. 2023இல் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவும் 2025க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தன. முடிவு ஜெனீவாவில், டப்பா இங்கே. சீட்டில் ‘கலோமல்’ என்றோ ‘மேர்க்குரி’ என்றோ இருந்தால் வாங்கவேண்டாம். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசுங்கள் என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். சீட்டே இல்லாவிட்டால் யோசிக்கவே தேவையில்லை.

அக்காவின் மகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் நிறத்தைத்தான் விசாரிக்கிறார்கள். ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. விசாரிக்கிறவர்கள் மாறினார்களா?

டப்பாவைப் பற்றித் தாயிடம் நான் சொல்லவில்லை, மகளிடமே சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அது தட்டில் இல்லை. வெயில் லோஷனும் வாஸ்லினும் இருக்கின்றன. வாஸ்லின் போத்தல் மட்டும் வேகமாகக் குறைகிறதாம். அக்காதான் குதிக்காலுக்கு எடுக்கிறார். கேட்டால், “நல்லாத்தான் இருக்கு. ஆனா எண்ணெ மணம் இல்லியே” என்கிறார்.